வீட்டுக்குள் ஒரு நாற்றம்

ஜூன் 9, திங்கள்

வீட்டுக்குள் ஏதோ நாறுகிறது.

ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மூக்கில் ஏறுகிறது. செத்த எலி மாதிரி, ஆனால் செத்த எலி மட்டும் இல்லை. மீன் கழுவிய தண்ணீர் தேங்கினால் வருமே, அதுவும் கலந்திருக்கிறது. நான் நகராட்சியில் சுகாதார ஆய்வாளன். கண்ணைக் கட்டிவிட்டாலும் இது கறிக்கடைத் தெரு, இது கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் என்று மூக்காலேயே சொல்லிவிடுவேன். நாள் முழுக்க ஊரான் வீட்டு அசிங்கத்தை மோந்துவிட்டு வருகிறவனுக்கு, சொந்த வீடாவது மணக்க வேண்டாமா?

வடிவிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள். என் மனைவிக்கு மூக்கு இருப்பது மூக்குத்தி போடத்தான்.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். காலையும் மாலையும் சாம்பிராணி போடுகிறாள். நான் எழுவதற்கு முன்பே துணியெல்லாம் துவைத்துக் கொல்லையில் காயப்போட்டு விடுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் தலையில் அடித்துக்கொண்ட சுத்தம் இப்போதுதான் அவளுக்கு வந்திருக்கிறது. அந்த மூன்று நாட்களுக்குப் பின்அறை, தனித் தட்டு என்பது அம்மா காலத்து வழக்கம். நான் அதை மாற்றவில்லை. சாமிக்காக அல்ல, எனக்கு அதெல்லாம் குமட்டும். இப்போது இடுப்புவலி என்று சொல்லி மாதம் முழுக்கப் பின்அறையிலேயே படுக்கிறாள். படுக்கட்டும்.

ஜூன் 11, புதன்

எலியாகத்தான் இருக்கும் என்று பீரோ, கட்டில், அரிசி டிரம் எல்லாவற்றையும் நகர்த்தினேன். கிடைத்தது ஒரு காய்ந்த பல்லி. அதைப் பார்த்ததற்கே மத்தியானச் சோறு இறங்கவில்லை. வடிவு நகர்த்த வந்தாள், கட்டிலின் காலைத் தூக்கியவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "ஒழுங்காச் சாப்பிட்டாத்தானே தெம்பு இருக்கும்" என்று சத்தம் போட்டேன். சேலை இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது, அப்படி மெலிந்திருக்கிறாள். எல்லாம் விரதம். செவ்வாயாம், வெள்ளியாம், இன்னும் என்னென்னவோ.

ஜூன் 16, திங்கள்

ஆணையர் கூப்பிட்டு அனுப்பினார். அடுத்த மாதம் பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். பந்தல், நாற்காலி, குடிதண்ணீர், நோட்டீஸ் எல்லாம் என் தலையில். நோட்டீஸுக்கான வாசகத்தை நகர்ப்புற சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபராணி எழுதிக் கொண்டுவந்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். டீ ஆறிப்போனது.

கர்ப்பப்பை வாயாம், உறவுக்குப் பிறகு இரத்தமாம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதலாம். வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள், ஏதோ கல்யாண மெனு மாதிரி.

"ஏம்மா ஜெபராணி, இத பஸ் ஸ்டாண்டுல ஒட்டணும். ஆம்பள பொம்பள எல்லாரும் நிக்க எடம்."

"அதான் சார் வேணும். எல்லாரும் படிக்கணும்லா?"

"கொழந்தைகளும் படிக்குமேம்மா."

"சார், ரத்தம், வெள்ளைப்படுதல்னு அந்த ரெண்டு வரி இல்லன்னா நோட்டீசே வேண்டாம். பொம்பளைங்க அதத்தான் வெளிய சொல்லாம மறைக்காங்க. 'இதுவும் வியாதிதான்'னு அச்சுல பாத்தாத்தான் வருவாங்க."

வாதாடுவதற்கு ஆள் கிடைத்தால் போதும் இவளுக்கு. அந்த இரண்டு வரியையும் அடித்தேன். 'மார்பில் கட்டி' என்பதை 'உடலில் கட்டி' என்று மாற்றினேன். இடம் காலியாகத் தெரிந்ததால் 'நீண்ட நாள் சோர்வு' என்று ஒன்றைச் சேர்த்தேன். இப்போதுதான் அரசாங்க நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ஆணையர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஜெபராணி எழுந்து போனாள், கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாள்.

ஜூன் 18, புதன்

சாம்பிராணி தீர்ந்துவிட்டதாம். போன வாரம்தானே வாங்கினேன்?

ஜூன் 21, சனி

சாக்கடைதான் என்று முடிவு செய்து, ஆள் வைத்துக் கொல்லைப்பக்கக் குழாயைத் தோண்டச் சொன்னேன். சிமென்ட் தரையை உடைத்துப் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடுகிறது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அப்படியென்றால் அடுத்த வீட்டுச் செல்லையா வாத்தியாரின் செப்டிக் டேங்க்தான் கசிகிறது என்று மதிலோரம் நின்று கேட்டேன். நோட்டீஸ் அனுப்புவேன் என்றும் சொன்னேன்.

"ஓய் ஆவுடையப்பன், என் தொட்டி எங்க வீட்ல நாறாம உம்ம வீட்டுக்குள்ள வந்தா நாறும்? உம்ம வீட்டுக்குள்ள என்னன்னு பாரும் மொதல்ல."

தெருவே கேட்டது. வடிவு அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும், "போதுங்க, விட்டுருங்க. நா இன்னும் நல்லாக் கழுவிவிடுதேன்" என்றாள். அழுத மாதிரி இருந்தது. உடைத்த தரைக்கு இவள் ஏன் அழ வேண்டும்?

ஜூன் 24, செவ்வாய்

நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கீழே என் பெயர் போட்டிருக்கிறார்கள், அதை மதி பார்க்கட்டும் என்று. மகள் ஒன்பதாம் வகுப்பு. அப்பா பெயர் அச்சில் வந்தால் ஒரு சிரிப்பாவது சிரிப்பாள் என்று பார்த்தேன். "ம்" என்றாள்.

வடிவுதான் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் நின்று படித்தாள். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள். பிறகு திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்?"

"இல்ல, இதுல இருக்கது மட்டுந்தானா அந்த நோய்க்கு அடையாளம்?"

"டாக்டர்மாரு பாத்து எழுதுனதுட்டி."

"அப்பச் சரி" என்றாள். ஒரு பெருமூச்சு. ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று ராச்சோறு நன்றாகச் சமைத்திருந்தாள், புளிக்குழம்பும் அப்பளமும். ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்று பரிமாறவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு வாசலோரம் போய் நின்றுகொண்டாள்.

ஜூலை 2, புதன்

முகாம் முடிந்தது. நினைத்தாலே எரிச்சல். நகராட்சித் தலைவர் வந்தார், விளக்கேற்றினார், போட்டோ எடுத்துக்கொண்டார், பரிசோதனை தொடங்குவதற்குள் போய்விட்டார். அவர் பின்னாலேயே பிஸ்கட்டும் போய்விட்டது.

ஜெபராணி புதுசாக ஒரு மேஜை போட்டிருந்தாள். ஒரு சின்னக் குழாய், அதற்குள் பிரஷ் மாதிரி ஒரு குச்சி. பெண்கள் தாங்களே தடுப்புக்குள் போய் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதுமாம், டாக்டர் தொட வேண்டாமாம், கிருமி இருக்கிறதா என்று சோதனைச்சாலையில் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். விஞ்ஞானம் முன்னேறுவது இருக்கட்டும், அதை மேடைக்கு எதிரிலா வைப்பது? மண்டபத்துக்குப் பின்னால் கழிப்பறைப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னேன். அங்கே எவளும் போகவில்லை. சாயங்காலம் ஜெபராணி பெட்டியைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் என்னவோ சோற்றில் மண்ணைப் போட்ட மாதிரி.

வடிவு காலையில் கேட்டாள், "நானும் ஒரு எட்டு வந்து பாக்கட்டுமா?" என்று. ஆய்வாளர் பெண்டாட்டி அந்த வரிசையில் நின்றால் ஆபீசில் எவன் வாயை மூட முடியும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் மதி ஒரு தாளை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போடுகிறார்களாம், பெற்றோர் சம்மதம் வேண்டுமாம்.

"என்ன ஊசி?"

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்கதுக்கு. முன்னாடி ரெண்டு மூணு தடவ போடணுமாம்பா. இப்ப எங்க வயசுக்கு ஒரே ஊசி போதுமாம்."

"உனக்கு எதுக்கு அந்த எழவு நோய்?"

"நோய் வாரதுக்கு முன்னாலதான போடணும்? ஒரு வைரஸ்னாலதாம்பா அது வருது. அது எப்பிடிப் பரவும்னா..."

தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தேன். பதினாலு வயசுப் பெண் அப்பனுக்கு முன்னால் பேசுகிற பேச்சா இது? பள்ளிக்கூடமா நடத்துகிறார்கள்? கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"போட்டுத்தான் குடுங்களேன்" என்றாள் வடிவு. அவள் எதையும் எதிர்த்துக் கேட்கிறவள் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் உடனே உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

நாற்றம் கூடிவிட்டது. ஒரு விஷயம் கவனித்தேன். கொல்லையில் இல்லை, ஹாலிலும் எந்நேரமும் இருப்பதில்லை. காபி கொண்டுவந்து வைக்கும்போது இருக்கிறது, டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனதும் குறைகிறது. பின்அறைப் பக்கம் போனால்

இதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். நாளை பினாயில் வாங்க வேண்டும், நல்ல கம்பெனியாகப் பார்த்து.

ஜூலை 16, புதன்

பினாயிலோடு ஒரு டப்பா பவுடரும் ஒரு சந்தன சோப்பும் வாங்கிவந்து வடிவிடம் கொடுத்தேன். கொடுத்தேன், அவ்வளவுதான். வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ராத்திரி குளிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஜூலை 23, புதன்

ஆபீசிலிருந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. காபி இல்லை, ஆள் இல்லை. வாசலில் நின்று கொதித்துக்கொண்டிருந்தேன். தெரு முனையிலிருந்து மதி மட்டும் வந்தாள், யூனிபாரத்தோடு.

"அம்ம எங்கட்டி?"

"ஜெபராணி நர்சக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நாந்தான் போன் பண்ணி வரச் சொன்னேன்."

"எதுக்கு?"

"அம்மைக்கு ரொம்ப நாளா ரத்தம் போவுதுப்பா. நாத்தமும் வருது. ஊசி பத்திச் சொல்ல வந்த டாக்டர் பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொன்னாங்க. வந்து அம்மட்ட கேட்டேன். மொதல்ல இல்லன்னு சொன்னா. இன்னைக்குக் காலைல நீங்க போனப்பொறவு பாத்ரூம்ல விழுந்துட்டா."

"எங்கிட்ட சொல்லதுக்கு என்ன?"

மதி சாவியைத் துவாரத்தில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "உங்ககிட்டயா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

ஜூலை 24, வியாழன்

அவள் ஆஸ்பத்திரியில். வீட்டில் நாற்றம் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

சதைப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான்.

டாக்டர் சின்னப் பெண். என் முகத்தை நேராகப் பார்த்து, தாளில் படம் வரைந்து விளக்கினார். நான் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் பக்கத்துச் சதைக்கும் போய்விட்டதாம், இனி ஆபரேஷன் இல்லையாம், கதிர்வீச்சு வைத்து, கூடவே மருந்தும் ஏற்றுவார்களாம். "குணமாக்கத்தான் பாக்குறோம். ஆனா சீக்கிரமே வந்திருந்தா சின்ன வைத்தியத்தோட முடிஞ்சிருக்கும். இது வராமலே தடுக்கக்கூடிய நோய்ங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு ஊசி, பெரியவங்களுக்கு ஒரு டெஸ்ட். இப்ப அவங்களே குச்சியில எடுத்துக் குடுத்தாக்கூடப் போதும்." எனக்குக் கழிப்பறைப் பக்கம் கிடந்த அந்த மேஜை ஞாபகம் வந்தது. வாயில் புளித்த தண்ணீர் ஊறியது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார்.

"பொங்கலுக்கு முன்னாலருந்தே" என்றாள் வடிவு.

வராந்தாவில் வைத்துக் கேட்டேன். அத்தனை மாசமா ஏன் சொல்லவில்லை என்று. கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல, ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு இதெல்லாம் புடிக்காதுல்லா" என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். "ஒரு தடவ பயமாத்தான் இருந்துச்சு. அப்பந்தான் நீங்க அந்த நோட்டீச கொண்டாந்திய. அதுல இது இல்லியா, அப்ப இது அந்த நோய் இல்லன்னு நெனச்சேன். சாமிக்குத் தேங்காகூட ஒடச்சேன்."

அந்த வரிகளை அடித்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்றம் இருந்தது. அவள் கைப்பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, தன்னால் முடிந்தமட்டும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நோட்டீஸைத் திருத்தி மறுபடி அச்சடிக்க வேண்டும் என்று ஆணையரிடம் போனேன். விடுபட்ட இரண்டு வரியையும் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், நாறும் மீனைப் பார்க்கிற மாதிரி.

"என்ன ஆவுடையப்பன், பஸ் ஸ்டாண்டுல ஒட்டுறது. பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாம் நிக்கிற இடம். நீங்கதான அன்னிக்குச் சொன்னீங்க? அதுவுமில்லாம முகாமே முடிஞ்சு போச்சு."

அந்த மனிதரின் மூஞ்சியில் காறித் துப்பலாம் போல இருந்தது. அது யார் மூஞ்சி என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆபீஸ் விட்டதும் மார்க்கர் பேனா ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கிழிந்தும் கிழியாமலும் ஒட்டிக்கிடந்த நோட்டீஸ்களில் அந்த இரண்டு வரியையும் என் கையால் எழுதினேன். வெற்றிலை எச்சில் காய்ந்த சுவர். அதன் சொரசொரப்பில் எழுத்து கோணிப்போனது. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஏய்யா, பெரிய மனுஷன் மாதிரி இருக்கீரு, பொம்பளப் பிள்ளைய நடமாடுத எடத்துல என்னத்தய்யா எழுதுதீரு? அசிங்கமா இல்ல?" என்று ஒருவன் சட்டையைப் பிடித்தான். பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனாள். ஆனால் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, சுவரைப் படித்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதியின் தடுப்பூசித் தாளில் கையெழுத்துப் போட்டேன். கடைசித் தேதி முடிந்துவிட்டது என்றாள். தலைமையாசிரியையைப் பார்த்துக் கெஞ்சிவிட்டு வந்தேன். விடுபட்ட பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் போடுவார்களாம். "என்ன சார், உங்க டிபார்ட்மென்டே இப்படி இருந்தா எப்படி?" என்றார் அந்த அம்மா. சொல்லிக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

மதிக்கு ஊசி போட்டாயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்தே வடிவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "கை வலிக்கான்னு கேளுங்க" என்றாள்.

செப்டம்பர் 3, புதன்

கதிர் வைக்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்பதில்லை. உடம்பில் இரத்தமும் குறைந்துவிட்டது என்று வார்டிலேயே படுக்கவைத்திருக்கிறார்கள். ஜெபராணி இன்று பார்க்க வந்தாள். என்னிடம் பழைய விஷயம் எதையும் பேசவில்லை. பேசி, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்றம் குறைகிறது, மருந்து கேட்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பார்வையாளர் நேரத்துக்கு மதியும் நானும் போயிருந்தோம். நாங்கள் போனபோது வடிவு படுக்கையிலேயே நனைந்து கிடந்தாள். எழுந்து போவதற்குள் ஆகிவிட்டது போல. எங்களைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

வழியெல்லாம் நான் ஒரு முடிவோடுதான் வந்திருந்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த பேசினை எடுத்தேன். "மதி, நீ வெளிய நில்லு. நா பாத்துக்கிடுதேன்" என்றேன். போர்வையில் கை வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். முகத்தில் எதுவும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

வடிவு இரண்டு கையாலும் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க. விடுங்க."

"ஏன்? நா செய்யக்கூடாதா?"

"ஐயோ, விடுங்கங்க. நீங்க பாக்க வேண்டாம். அப்புறம் ஒங்களுக்குச் சோறு எறங்காது." சொல்லும்போதே அழுதுவிட்டாள். வலிக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மதி என் கையிலிருந்து பேசினை வாங்கிக்கொண்டாள். "நீங்க போங்கப்பா. அம்ம ரொம்ப சங்கடப்படுதா."

வெளியே வந்து வார்டு வாசலை ஒட்டி நின்றேன். பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் ஒரு வாளியில் துணிகளை அலசிக்கொண்டு எனக்கு முன்னால் குத்தவைத்திருந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அலசினான். எனக்கு அவனைப் பார்க்கப் பிடிக்கவில்லை. என் கையைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் அது உலர்ந்து சுத்தமாகத்தான் இருந்தது.

உள்ளே அவன் பெண்டாட்டி வடிவிடம் கேட்பது கேட்டது. "சின்னப் பிள்ளையப் போட்டு எதுக்குக்கா இந்தப் பாடு படுத்துதிய? ஒங்க வீட்டுக்காரரு செய்ய மாட்டாகளோ?"

"அவுகளா? அவுக ரொம்ப சுத்தமான ஆளும்மா" என்றாள் வடிவு.

பெருமையாகத்தான் சொன்னாள்.